3 வயது முதல் 18 வரை ஒரே தனியார் பள்ளி: கூச்சப்படும் மகளைச் சேர்க்கலாமா?

ஹரோ_அப்பா · ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 7 வயது ஆகப்போகிறது. லண்டனில், ஹரோவில் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் இயர் 2 படிக்கிறாள். வீட்டில் வாய் ஓயாது. 3 வயதுத் தம்பியை உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு போனில் அரை மணி நேரக் கதை. பள்ளி வாசலில் கால் வைத்ததும் சத்தம் நின்றுவிடும். வகுப்பில் கை தூக்குவதே இல்லையாம். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை மூன்றாவது தடவையாக அதே வசனத்தைச் சொன்னார்: "நல்ல பிள்ளை, ஒரு தொல்லையும் இல்லை." நான்கு நிமிடத்தில் சந்திப்பு முடிந்துவிட்டது. 30 பிள்ளைகள் இருக்கும் வகுப்பு, அவரைக் குறை சொல்ல மனமில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி சொன்னார்: "தொல்லை கொடுக்காத பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை."

ஜனவரியில் ஒரு தனியார் பள்ளியின் செவன் பிளஸ் என்ற 7 வயது நுழைவுப் பரீட்சை எழுதினாள். நர்சரி முதல் சிக்ஸ்த் ஃபோர்ம் (16 முதல் 18 வயது வகுப்புகள்) வரை ஒரே வளாகம். இடம் கிடைத்திருக்கிறது. தவணைக்கு 6,900 பவுண்ட், 20% வற் (VAT) வரி சேர்த்து. வருடத்துக்கு 3 தவணை. சாப்பாடும் பஸ்ஸும் தனி. இயர் 3 இல் தொடங்கி 13 வரை 11 வருடம். இன்றைய கட்டணம் ஏறாமலே இருந்தாலும் 2,27,700 பவுண்ட். ஏறாமல் இருக்காது என்பதும் தெரியும்.

"முழுமையான, தன்னம்பிக்கை உள்ள பிள்ளைகளை உருவாக்குகிறோம்" என்று அவர்களுடைய கையேட்டில் இருக்கிறது. பார்த்த எல்லாப் பள்ளிக் கையேட்டிலும் இருக்கிறது. அது உண்மையில் எப்படி நடக்கிறது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் இத்தனை வருடம் படிப்பது ஒரு பிள்ளையை எப்படித் துணிவாக்கும்? பிள்ளைகளை அனுப்பியவர்கள், அங்கே படித்தவர்கள், படிப்பிக்கிறவர்கள் சொல்லுங்கள். பதில் கொடுக்க 3 வாரம் இருக்கிறது.

குரொய்டன்_அக்கா · ஞாயிறு, இரவு 11:05

தம்பி, என் இரண்டு பிள்ளைகளும் அப்படியான பள்ளியில்தான். மகள் இப்போது இயர் 9. மகன் 4 வயதில் ரிசெப்ஷனில், அதாவது இயர் 1 க்கு முந்தைய வகுப்பில் போனான், இப்போது இயர் 12. அவனைப் பற்றிச் சொல்கிறேன், அவனும் உங்கள் மகள் மாதிரித்தான் இருந்தான்.

இயர் 4 இல் வகுப்பு நாடகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வசனமாவது இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இவனுக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக இரண்டு வாரம் இரவில் வயிற்றுவலி. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று நான் ஆசிரியைக்கு ஈமெயில் போட்டேன். அவர் எடுக்கவில்லை. அவனைக் கூப்பிட்டு ஒரு டார்ச்சைக் கையில் கொடுத்தாராம். "திரைக்குப் பின்னால் இருட்டு. எல்லோருக்கும் நீதான் வழி காட்ட வேண்டும். உன் வரியை அங்கே நின்றே மைக்கில் சொல்லு." சொன்னான். ஆள் தெரியவில்லை, குரல் கேட்டது.

அதோடு முடிந்திருந்தால், கெட்டிக்கார டீச்சர் என்று சொல்லிவிட்டு மறந்திருப்பேன். அப்படியான டீச்சர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த வருடம் சீனியர் பள்ளியின் நாடக ஆசிரியர் ஜூனியர் கட்டடத்துக்கு வந்து "டார்ச் பிடித்த பையன் எவன்?" என்று கேட்டிருக்கிறார். இயர் 7 இல் அவனை விளக்குப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு இயர் 12 மாணவியோடு உட்கார வைத்தார்கள். அந்த மாணவி பல்கலைக்கழகம் போனதும் அவளுக்குக் கீழே இருந்த பையன், பிறகு இவன். போன டிசம்பரில் சீனியர் நாடகத்துக்கு இவன்தான் மேடை மேலாளர். ஒவ்வொரு விளக்கு மாற்றத்துக்கும் ஒரு இலக்கம். ஹெட்செட்டில் முதலில் "ஸ்டாண்ட்பை", பிறகு "கோ". அந்த இரண்டாவது சொல் காதில் விழுந்த கணமே விளக்கு மாறிவிடும் என்பதால் வேறு எதற்கும் அதைச் சொல்லக் கூடாதாம். நாடக வாரத்தில் வீட்டிலும் சொல்ல மாட்டான். "அம்மா, வெளிக்கிடுவமா?" என்று தமிழில் கேட்கிறான். நான் வருடக்கணக்காகக் கெஞ்சியும் வராத தமிழ்.

இன்றைக்கும் மேடையில் ஏறிப் பேசச் சொன்னால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இருட்டில் 40 பேர் அவன் ஒரு சொல்லுக்குக் காத்து நிற்கிறார்கள். துணிவு என்று நான் சொல்வது இதை. 8 வயதில் ஒரு ஆசிரியை அவனில் கண்டதை அந்தப் பள்ளி கைமாற்றிக் கைமாற்றி 16 வயது வரை கொண்டுவந்தது. பள்ளி மாறிக்கொண்டே இருந்திருந்தால் அந்தச் சங்கிலி எங்கேயோ அறுந்திருக்கும்.

காசு விஷயமும் சொல்கிறேன், மறைத்தால் பொய்யாகிவிடும். 2025 ஜனவரி 1 அன்று வற் வரி வந்தபோது வீட்டுக் கடனை மறுபடி எழுதினோம். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சட்டன்_சரவணன் · திங்கள், காலை 7:15

சார், கணக்கை மறுபடி பாருங்கள். இங்கிலாந்தில் 163 கிராமர் பள்ளிகள் இருக்கின்றன, 11 வயதில் தேர்வு வைத்து எடுக்கும் அரசுப் பள்ளிகள், ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஹரோவில் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். நாங்கள் அதற்காகவே சட்டன் பக்கம் வீடு மாறினோம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நுழைவுத் தேர்வான லெவன் பிளஸ்ஸுக்காக என் பையன் இயர் 4 இலிருந்தே டியூஷன் போனான். இயர் 5 முழுவதும் சனி, ஞாயிறு கிடையாது. கிரிக்கெட்டை நிறுத்தினோம், மிருதங்கத்தை நிறுத்தினோம். இடம் கிடைத்தது, சந்தோஷம். மிருதங்கம் திரும்ப வரவில்லை. 9, 10 வயதுதான் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் வயது. அந்த இரண்டு வருடத்தை நான் ஒரு தேர்வுக்குக் கொடுத்துவிட்டேன். முடிவு எப்படியோ, அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

ஈஸ்ட்ஹாம்_டீச்சர் · திங்கள், மாலை 6:30

அண்ணா, பள்ளியைப் பற்றிக் கதைக்கும் முன் ஒரு விஷயம், இது அவசரம்.

வீட்டில் நன்றாகக் கதைத்து, பள்ளியில் வாய் திறக்காத பிள்ளையை நாங்கள் "கூச்சம்" என்று விட்டுவிடுகிறோம். கூச்சமாக இருக்கலாம். செலக்டிவ் மியூட்டிசம் என்கிற பதற்ற நிலையாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளை பிடிவாதத்தில் பேசாமல் இருப்பதில்லை. பேச நினைக்கும், தொண்டை இறுகிவிடும். பள்ளி தொடங்கிய முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதற்கு அப்புறமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கேட்கத்தான் வேண்டும். எங்கள் பிள்ளைகள் என்றால் "வீட்டில் வேறு மொழி, ஆங்கிலம் பிடிபட நாளாகும்" என்று தள்ளிப்போட்டுவிடுவார்கள். இங்கேயே பிறந்து இரண்டு மொழியும் பேசுகிற பிள்ளைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. பள்ளியின் சென்கோவுக்கு (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர்) எழுத்தில் கேளுங்கள், ஜிபியிடமும் (குடும்ப வைத்தியர்) சொல்லுங்கள். பேச்சு மொழி சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். சிறு வயதில் கவனித்தால் பலன் நன்றாக இருக்கும்.

அதுவரை "ஆன்ரிக்கு ஹலோ சொல்லு" என்று ஆட்கள் முன்னால் நெருக்காதீர்கள். பக்கத்தில் இருந்து ஏதாவது செய்யுங்கள், கேள்வி கேட்காதீர்கள். புதுப் பள்ளி இதற்கு மருந்து இல்லை.

இரண்டாவது. துணிவு காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்று இந்த இழையைப் படிக்கிற பெற்றோர் யாரும் நினைத்துவிடக் கூடாது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஸ்கூல் 21 இருக்கிறது. 2012 இல் தொடங்கிய, அரசு நிதியில் நடக்கும் பள்ளி. அதுவும் 4 முதல் 18 வயது வரை ஒரே பள்ளியாகத் தொடங்கப்பட்டதுதான். வாசிப்பு, எழுத்து மாதிரிப் பேச்சையும் கற்பிக்க வேண்டிய ஒன்றாக எடுத்து, எல்லாப் பாடத்துக்குள்ளும் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கிளைத்த வாய்ஸ் 21 என்ற அமைப்பு அந்த முறையை மற்றப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகிறது. என் வகுப்பிலும் செய்கிறேன். மூன்று, நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் தொடக்குவார், ஒருவர் அதன் மேல் கட்டுவார், ஒருவர் மறுத்துக் கேட்பார், ஒருவர் தொகுத்துச் சொல்வார். ஒவ்வொரு நாளும் பாத்திரம் மாறும். "நான் இதை ஏற்கவில்லை, ஏனென்றால்..." என்று தொடங்கும் அட்டை மேசையில் இருக்கும். எப்படித் தொடங்குவது என்று தெரியாததால்தான் பாதிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். தொடக்கத்தைக் கையில் கொடுத்தால் மிச்சம் தானாக வருகிறது.

இங்கிலாந்தில் 100 பிள்ளைகளில் 7 பேர் அளவில்தான் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். சட்டன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2019 இல் வெளியிட்ட ஆய்வில், மூத்த நீதிபதிகளில் 65% அந்த 7 பேர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த 65 இல் பெரும் பங்கு சின்ன வயதிலேயே ஒரு அறையில் எழுந்து நின்று பேசிப் பழகியதில் வந்தது என்று நான் நம்புகிறேன். அதே மூளை என் வகுப்பில் 30 பேருக்கும் இருக்கிறது.

ஹரோ_அப்பா · திங்கள், இரவு 10:20

டீச்சர், உங்கள் பதிவை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு வருடமாக "ஹலோ சொல்லு" என்று நெருக்கியது நான்தான். இன்றைக்கே சென்கோவுக்கு எழுதிவிட்டேன். நன்றி.

14_வருட_மாணவி · செவ்வாய், பகல் 1:10

எனக்கு 23 வயது. 4 முதல் 18 வரை ஒரே தனியார் பள்ளியில் படித்தேன். அம்மா இந்த இணைப்பை அனுப்பி, நீ எழுது என்றார்.

நல்லது நிறைய. இயர் 3 இலேயே உண்மையான அறிவியல் கூடத்துக்குப் போனோம். சீனியர் பள்ளியின் வேதியியல் ஆசிரியை எங்களுக்குச் செம்முட்டைக்கோஸ் சாறு பிழிந்து, அதில் எலுமிச்சையும் சோப்புத் தண்ணீரும் ஊற்றி நிறம் மாற வைத்தார். 9 வருடம் கழித்து ஏ லெவலில் (பள்ளியின் கடைசி இரண்டு வருடம்) அதே ஆசிரியை. என் கையெழுத்து எப்படி மாறியது என்றுகூட அவருக்குத் தெரியும். அப்படி ஒருவர் இருக்கும் அறையில் தப்பான பதில் சொல்லப் பயமே வராது.

கெட்டதும் அதே இடத்திலிருந்துதான் வந்தது. இயர் 2 இல் நான் கணக்கில் மெதுவாக இருந்தேன். "அவளுக்குக் கலைதான் வரும்" என்று யாரோ எங்கேயோ எழுதினார்கள். அது என்னோடு கூடவே வளர்ந்தது. இயர் 7 இல் வெளியிலிருந்து 40 பேர் சேர்ந்தார்கள். அவர்கள் வெள்ளைத் தாளோடு வந்தார்கள், எங்களுக்கு ஏற்கெனவே எழுதிய தாள். இயர் 9 இல் புதிதாக வந்த ஒரு கணக்கு ஆசிரியர் பழைய குறிப்பைப் படிக்காமல் என்னை மேல் செட்டில் (திறமைப்படி பிரிக்கும் குழு) போட்டார். தவறுதலாகப் போட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் இப்போது பொறியியல் வேலையில் இருக்கிறேன்.

குரொய்டன் ஆன்டி சொன்ன சங்கிலி உண்மை. அதே சங்கிலி ஒரு பிள்ளையைத் தூக்கவும் செய்யும், கட்டிப்போடவும் செய்யும். பள்ளிக்குப் போகும்போது இதைக் கேளுங்கள்: வகுப்புப் பிரிவுகளை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கலைத்து மாற்றுகிறீர்கள்? கணக்கு செட்டில் பிள்ளைகள் மேலே போவது எத்தனை தடவை நடக்கிறது?

இன்னொன்று. பல்கலைக்கழகத்தில் முதல் வாரம் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் தட்டோடு நின்றேன். என்னைத் தெரிந்த ஒரு முகமும் இல்லாத அறைக்குள் 18 வருடத்தில் நான் நுழைந்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கு வெளியே ஒரு இடம் வேண்டும், அங்கே பிள்ளை புதிய ஆளாக இருக்க வேண்டும். எனக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அப்படி இருந்தது, அதையும் இயர் 6 இல் விட்டுவிட்டேன்.

ரூட்டிங்_நிலா · செவ்வாய், பின்னேரம் 4:45

சனிக்கிழமை பற்றி நானும் கேட்க நினைத்தேன். என் அக்கா மகள் போகும் பள்ளியில் சனி காலை நெட்பால் போட்டி. பரதநாட்டியமும் தமிழ் வகுப்பும் அடிபட்டுப்போயின. அரங்கேற்றம் நின்றே போய்விட்டது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

உடுவில்_பழைய_மாணவி · செவ்வாய், இரவு 9:00

நான் படித்தது உடுவில் மகளிர் கல்லூரி. அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் தொடங்கியது. முதலாம் வகுப்பு முதல் ஏ லெவல் வரை அதே மதில், அதே மரங்கள். இதை இங்கிலாந்துக்காரரின் புதுமை என்று நினைக்காதீர்கள், எங்கள் ஊரில் அது சாதாரணம்.

எனக்குத் துணிவு வந்தது வகுப்பறையில் இல்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு (பள்ளி ஹவுஸ்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி) கூடாரம் சோடிக்கும் இரவுகளில் வந்தது. ஏ லெவல் அக்காமார் ஏணியில், ஆறாம் வகுப்பு நாங்கள் கீழே பசைக் கிண்ணத்தோடு. "எடி, இந்தத் தோரணம் கோணலாக இருக்கா சொல்லு" என்று ஒரு பெரிய அக்கா என்னிடம் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. கோணல் என்றேன். கழற்றித் திருப்பிக் கட்டினார். 11 வயதில் என் சொல்லைக் கேட்டு ஒரு பெரிய ஆள் செய்த வேலையை அவிழ்த்துக் கட்டினார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

தம்பி, நீங்கள் பார்க்கும் பள்ளியில் சின்னனும் பெரிசும் ஒன்றாக என்ன செய்கின்றன என்று கேளுங்கள். ஒரே வளாகம் என்று சொல்லிவிட்டு, ஜூனியருக்கு ஒரு வாசல், சீனியருக்கு ஒரு வாசல், வருடத்தில் ஒரு நாள் கரோல் பாட்டுக்கு மட்டும் சந்திப்பு என்றால் அது ஒரு மதிலுக்குள் இரண்டு பள்ளி.

மகனுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? அவனையும் அனுப்ப முடியாது என்றால் இப்போதே யோசியுங்கள். அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்பதைப் பிள்ளைகள் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

ஜூனியர்_வாத்தியார் · புதன், இரவு 8:50

சர்ரே பக்கம் இதே வகைத் தனியார் பள்ளி ஒன்றின் ஜூனியர் பிரிவில் 9 வருடமாக வேலை. சொந்த ஊர் திருநெல்வேலி. உள்ளே இருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நேர்மையான வார்த்தை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் துணிவாக இருப்பதில் ஒரு பெரிய பங்கு அவர்களுடைய வீடு. தேர்வு வைத்து எடுக்கிறோம், வசதியான வீடுகளிலிருந்து எடுக்கிறோம். அதை முழுவதும் பள்ளியின் சாதனை என்று நாங்கள் காட்டிக்கொண்டால் தப்பு.

மீதிப் பங்குக்கு வருகிறேன். அது பெரும்பாலும் நேரம் சம்பந்தப்பட்டது. தனியார் பள்ளிகளுக்குத் தேசியப் பாடத்திட்டம் கட்டாயம் இல்லை. அரசுப் பள்ளிகளில் இயர் 6 மே மாதம் நடக்கும் சாட்ஸ் தேர்வும் கட்டாயம் இல்லை. சீனியர் பள்ளிக்கு நேராகப் போகலாம் என்றால் லெவன் பிளஸ்ஸும் தேவையில்லை. சரவணன் சார் மனசு வருத்தத்தோடு சொன்னாரே, அந்த 9, 10 வயது, அது எங்களிடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் போன வருடம் என் இயர் 6 பிள்ளைகள் ஒரு தவணை முழுவதும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஓடையை அளந்தார்கள். தண்ணீர் வேகம், பூச்சிகள், குப்பை. கடைசியில் ஊர் மன்றத்துக்குக் கடிதம் எழுதி, இரண்டு பேர் போய்ப் பேசினார்கள். அதில் ஒருத்தி வகுப்பில் வாயே திறக்காதவள். ஓடையைப் பற்றி அந்த அறையில் இருந்த யாரையும் விட அவளுக்கு அதிகம் தெரியும், அதனால் பேசினாள். தெரிந்த விஷயம் கையில் இருந்தால் குரல் வருகிறது. பிள்ளைகளை மேடை ஏற்றிப் "பயப்படாமல் பேசு" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்ப் பல வருடம் ஆகிறது.

லாம்டா பேச்சுத் தேர்வு, இசை கிரேடு, டிபேட், காடட் படை எல்லாம் இருக்கின்றன, நல்லதுதான். பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். விளையாட்டில் நான்காவது அணிக்கும் போட்டி, பயிற்சியாளர், பஸ் உண்டா என்று பாருங்கள். முதல் அணியை எல்லாப் பள்ளியும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்ளும்.

மாணவி சொன்ன முத்திரை விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஜூலையில் வகுப்பைக் கைமாற்றும்போது ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அடுத்த ஆசிரியரிடம் பேசுவோம். "இவனால் என்ன முடியாது" என்பதை அந்தக் கூட்டத்தில் சொல்லக் கூடாது என்று எங்கள் தலைமை ஆசிரியை விதி வைத்திருக்கிறார். என்ன உதவி தேவை என்று சொல்லலாம். சின்ன விதி, நிறைய மாற்றியது.

துணிவுக்கு ஒரே அச்சு கிடையாது என்பதையும் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே எட்ஜ்வேரில் நார்த் லண்டன் காலேஜியட், 1850 இல் பிரான்சிஸ் மேரி பஸ் தொடங்கிய பெண்கள் பள்ளி, படிப்பில் கடுமையான போட்டி. அதே வட லண்டனில் 1898 இல் தொடங்கிய கிங் ஆல்ஃபிரட், சீருடை இல்லை, ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இரண்டும் நாலு வயதுப் பிள்ளையை எடுத்து 18 வயதில் அனுப்பும் பள்ளிகள்தான். ஒன்றில் மலரும் பிள்ளை இன்னொன்றில் வாடலாம்.

கேட்க வேண்டிய சில கேள்விகள். போன வருடம் இயர் 6 இல் இருந்தவர்களில் எத்தனை பேர் இயர் 7 க்குப் போனார்கள், போகாதவர்கள் ஏன்? சில பள்ளிகள் "ஒரே பள்ளி" என்று சொல்லிவிட்டு, இயர் 5 இல் வைத்து, மெதுவான பிள்ளைகளின் பெற்றோரிடம் "வேறு இடம் பாருங்கள்" என்று மென்மையாகச் சொல்லும். சிக்ஸ்த் ஃபோர்முக்கு ஜிசிஎஸ்இ என்ற 16 வயதுத் தேர்வில் என்ன மதிப்பெண் கேட்கிறார்கள்? பர்சரி, அதாவது வருமானம் பார்த்துத் தரும் கட்டணச் சலுகை, எந்த வயதில் தொடங்குகிறது? பெரும்பாலும் இயர் 7 இல்தான், வருமானக் கணக்கு முழுவதும் காட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு முழுத் தவணை முன்னறிவிப்பு இல்லாமல் விலகினால் ஒரு தவணைக் கட்டணம் போகும், அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தனியார் பள்ளிகளைப் பார்வையிடும் ஐஎஸ்ஐ அமைப்பின் ஆய்வறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2023 செப்டம்பருக்குப் பிறகு வந்த அறிக்கைகளில் ஒரே சொல்லில் முத்திரை இருக்காது, அதனால் உள்ளே வரி வரியாகப் படிக்க வேண்டும்.

ஓப்பன் டே அன்று போகாதீர்கள். சாதாரண நாளில், மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, சாப்பாட்டு நேரத்தில் போங்கள்.

நிலா அவர்களே, சனிக்கிழமைக்கு ஒரு வழி இருக்கிறது. டியூக் ஆஃப் எடின்பரோ விருது தெரியுமல்லவா, 1956 இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை 1934 இல் தொடங்கிய குர்ட் ஹான், தன் பழைய மாணவர் இளவரசர் பிலிப்போடு சேர்ந்து உருவாக்கிய திட்டம். 14 வயதில் வெண்கல நிலை. சேவை, உடற்பயிற்சி, திறமை, மலை நடை என்று நான்கு பகுதி. பரதநாட்டியம் உடற்பயிற்சிப் பகுதியில் சேரும். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செய்வதைச் சேவைப் பகுதியில் எழுதலாம். என் மாணவி ஒருத்தி இரண்டையும் அப்படித்தான் எழுதினாள். பள்ளியிடம் முன்கூட்டியே சொன்னால் சனிக்கிழமைப் போட்டியை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று ஆக்கித் தருவார்கள். கேட்காதவர்களுக்குத் தருவதில்லை.

ரூட்டிங்_நிலா · புதன், இரவு 9:20

சேவைப் பகுதியில் தமிழ்ப் பள்ளி சேரும் என்று இவ்வளவு நாள் தெரியாது. அக்காவுக்கு இப்போதே அனுப்புகிறேன்.

ஹரோ_அப்பா · மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8:15

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்கோ எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சு சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறார்கள், காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறோம். எந்தப் பள்ளியாக இருந்தாலும் அந்த அறிக்கை அவளோடு போகும்.

புதுப் பள்ளிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழையில் போனோம். வாத்தியார் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். போன வருடம் இயர் 6 இல் 38 பேர், 35 பேர் மேலே போனார்கள். இரண்டு பேர் கிராமர் பள்ளிக்கு, ஒரு குடும்பம் வெளிநாட்டுக்கு. இழுத்தடிக்காமல் சொன்னார்கள். வகுப்புப் பிரிவுகளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கலைக்கிறார்களாம். பர்சரி இயர் 7 இல்தான். கணக்கு செட் பற்றிக் கேட்டதற்குத் திருப்தியான பதில் வரவில்லை, அது மனதில் உறுத்துகிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லா வயதுப் பிள்ளைகளும் கலந்து இருந்தார்கள். 15 வயது இருக்கும் ஒரு பிள்ளை ஜூனியர் மேசைக்குப் பொறுப்பு. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தது. பெயர் என்ன, எத்தனை வயது, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சின்னத் தோடம்பழத்தைத் தோலுரித்து, தோல் அறுபடாமல் சுருளாக எடுத்து மேசையில் வைத்தது. இன்னொரு பழத்தை எடுத்து மகள் முன்னால் வைத்துவிட்டுத் தன்பாட்டுக்குச் சாப்பிட்டது. மகள் நீண்ட நேரம் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பழத்தை உரிக்கத் தொடங்கினாள். மூன்று இடத்தில் அறுந்தது. அந்தப் பிள்ளை தன்னுடைய சுருளை அவள் பக்கம் தள்ளி வைத்தது.

அவள் அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் தொடங்கி, வீடு வரை வாய் மூடவில்லை. "அந்த அக்கா என்னட்ட ஒண்டுமே கேக்கேல்ல, அப்பா" என்று இரண்டு தடவை சொன்னாள். பெருமையாகச் சொன்னாள்.

நேற்று முற்பணம் கட்டிவிட்டோம். மகனைப் பற்றி உடுவில் அக்கா கேட்ட கேள்விக்கு முழுப் பதில் இன்னும் இல்லை. அவன் பக்கத்து அரசுப் பள்ளியில் தொடங்குவான். இயர் 7 இல் பர்சரிக்கு முயற்சி செய்வோம். அதுவரை அவனுடைய பின்னேரங்களும் வார இறுதிகளும் எங்கள் பொறுப்பு என்று மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். டீச்சர், நீங்கள் எழுதிய அந்தத் தொடக்க அட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன், தமிழில். "நான் இதை ஏற்கவில்லை, ஏனென்றால்" என்ற அட்டையை 3 வயதுக்காரனுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது, ஆனால் அதைத்தான் தூக்கித் தூக்கிக் காட்டுகிறான்.

ஒரு உதவி வேண்டும். இயர் 3 இல் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தந்தி வாத்தியம் படிக்க வேண்டும், வயலின் கேட்கிறாள். பாடம் கட்டணத்துக்குள் வரும், வாத்தியம் நாங்கள் வாங்க வேண்டும். யாரிடமாவது அரை அளவு வயலின் இருக்கிறதா? விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

குரொய்டன்_அக்கா · சனி, இரவு 8:40

மகளுடையது மேல் அறையில் கிடக்கிறது, தம்பி. விலை ஒன்றும் வேண்டாம். மேல் தந்தி அறுந்திருக்கிறது, புதுசு போட்டுத் தருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஈலிங் அம்மன் கோயிலுக்கு வருகிறோம். நீங்களும் வந்தால் கையோடு தந்துவிடலாம்.

ஹரோ_அப்பா · சனி, இரவு 8:52

வருகிறோம் அக்கா. பூசைக்கு முன்னதாகவே வந்துவிடுவோம். அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், வணக்கம் சொல்லச் சொல்லி நெருக்க மாட்டேன்.